செயப்பாட்டுவினை

ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டை, காலை பத்து மணி.
காகித ஆலையின் வாடை
ஜன்னலை மூடிய பிறகும் உள்ளே வந்து
காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.
நிர்வாக மறுஆய்வு. ஆண்டுக்கு ஒன்று.
தணிக்கையாளர் வர இன்னும் பன்னிரண்டு நாள்.

நாங்கள் செய்வது வெந்நீர்க் கலனுக்கான வால்வு.
உள்ளே அழுத்தம் ஏறும்போது
அளவாய்த் திறந்து வழிவிட வேண்டிய பித்தளைத் துண்டு,
உள்ளங்கைக்குள் அடங்கும்.
திறக்காவிட்டால் கூரை போகும்.

கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
எழுதுவது ஆங்கிலத்தில்.
ஆனாலும் சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பில்
நான் தோற்றுப்போன தமிழ் இலக்கணம்
இந்த அறையில்தான் எனக்குப் புரிகிறது.
போன ஆண்டுத் தீர்மானங்களை வாசிக்கிறேன்:
அழுத்தமானி சரிபார்க்கப்படும்.
பயிற்சி அளிக்கப்படும்.
புகாரின் மூலகாரணம் ஆராயப்படும்.
படும், படும், படும்.
செய்கிறவர்தான் வாக்கியத்தில் இல்லை.
படுகிறவர் இருக்கிறார்:

வெருலத்தில் சிந்தாமணி படையாட்சி.
ஜூலைக் குளிரில் கலன் வெடித்து
கூரைப் பலகை கட்டிலில் விழுந்த நேரம்
நல்லவேளை, பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
என் அட்டவணையில் அவர்
நூற்றுக்குப் புள்ளி பூஜ்யம் இரண்டு.
பச்சைக் கட்டம்.

"இலக்குக்குள்தானே?" என்றார் கணக்குப் பார்க்கும் ஹெண்ட்ரிக்.
கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்
தலையசைத்தார் முதலாளி பூபாலன்.

ஒன்பதாம் படத்தில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் உலைக்கு மட்டும்தான்.
சுவரிலிருந்த வட்டங்களும் அம்புகளும் அழிந்து
சுண்ணாம்பு உரிந்த சுவர் தெரிந்தது.
அடுத்து என்ன சொல்வதென்று
எனக்கே தெரியவில்லை.

கதவோரம் உட்கார்ந்திருந்தாள் சோதனை மேடை நொக்வாண்டா.
'ஊழியர் பங்கேற்பு' என்ற வரியில்
ஒரு டிக் போடுவதற்காக நான் அழைத்தவள்.
"மூன்றாம் மேடை முள் மதியத்துக்கு மேல் ஒட்டிக்கொள்ளும்," என்றாள்.
"விரலால் இரண்டு தட்டு தட்டினால் நகரும்.
ராத்திரிப் பையனுக்கும் தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டேன்."

அளிக்கப்பட்ட பயிற்சி அதுதான்.

"புது மானி என்ன விலை?"
"எட்டாயிரம் ராண்ட்."
மூன்று ஆண்டாய் அந்தக் கோரிக்கைத் தாள்
இதே மேசைக்கு வந்து போகிறது.
பரிசீலிக்கப்படும்.
எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான்தான். அழகான கையெழுத்தில்.

"அந்த மேடை வழியாய் எத்தனை போயிருக்கும்?"
பூபாலன் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.
என் முப்பத்திரண்டு படங்களில்
அந்த எண் மட்டும் இல்லை.
"நாளைக்கு நானூறு," என்றாள் நொக்வாண்டா.
தனித்தனியே மனக்கணக்குப் போட்டோம்.
எல்லோருக்கும் ஒரே விடை வந்திருக்க வேண்டும்;
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மின்சாரம் திரும்பியது.
சுவரில் 'வாடிக்கையாளர் திருப்தி',
மஞ்சள் வட்டத்தில் ஒரு சிரிப்பு.
பூபாலன் எழுந்துபோய் அதை அணைத்தார்.
"எழுதுங்கள்."

மூன்றாம் மேடை நிறுத்தப்ப—
கை தானாக ஓடியது. அடித்தேன்.
பூபாலன் நிறுத்துகிறார். இன்று, பதினொன்று நாற்பது.
ஹெண்ட்ரிக் வெள்ளிக்கிழமைக்குள் மானி வாங்குகிறார்.
வெருலத்துக்கு நான் போகிறேன்.
வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன.
பெயர் போட்டதும்
ஒவ்வொன்றும் கொஞ்சம் கனத்தது.

விற்றுப்போன வால்வுகளைப் பற்றிய வரிக்கு
எழுவாய் கிடைக்க
இன்னும் இரண்டு கூட்டம் பிடித்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

தணிக்கையாளர் வந்தார். குறிப்பைப் புரட்டினார்.
மூன்றாம் தாளில் பக்க எண் இல்லை என்று
ஒரு சிறு குறை எழுதினார்.
ஒப்புக்கொண்டேன், என் பெயரில்.

புது மானி வந்துவிட்டது.
பழக்கதோஷம்,
நொக்வாண்டா இன்னும் இரண்டு தட்டு தட்டுகிறாள்.
முள் அசைவதில்லை.
அசையக் கூடாது.